நாக் விசிட்டுக்கு மெம்பரா போயி நான் பட்ட பாடு

ஒன்றரை வருஷமா மனசுக்குள்ளயே போட்டு அடைச்சு வச்சிருந்ததை இப்பதான் எழுதத் தெம்பு வந்திருக்கு. நான் மதுரைப் பக்கம் ஒரு அரசு உதவி பெறும் காலேஜ்ல காமர்ஸ் எடுக்கிறேன், சர்வீஸ் 23 வருஷம் ஆச்சு. அதுல நாலு வருஷம் ஐ.க்யூ.ஏ.சி. (காலேஜுக்குள்ளயே தரத்தைப் பாத்துக்கிற குழு) கோஆர்டினேட்டரா இருந்து எஸ்.எஸ்.ஆர். (தர மதிப்பீட்டுக்காக காலேஜ் தன்னைப் பத்தி எழுதிக் குடுக்குற அறிக்கை) எழுதி, ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ஒவ்வொரு பேப்பரா ஸ்கேன் பண்ணி அப்லோடு பண்ணி கண்ணு பூத்துப்போன ஆளு. அந்த அனுபவத்தை நம்பித்தான் காலேஜுங்களோட தரத்தைப் பாத்து கிரேடு குடுக்குற நாக் அமைப்புல மதிப்பீட்டாளரா பேர் குடுத்தேன், ட்ரெயினிங்கும் முடிச்சேன், 2024 ஆகஸ்ட்ல முதல் தடவையா பியர் டீம் (நேர்ல போயி பாத்து மார்க் போடுற குழு) மெம்பரா பக்கத்து மாநிலத்துல ஒரு தனியார் காலேஜுக்குப் போனேன். ரெண்டே நாள் விசிட். அந்த ரெண்டு நாளுக்கு நான் குடுத்தது பதினோரு மாசம் தள்ளிப்போன புரொமோஷன், வக்கீலுக்கு 20,000 ரூபாய், இன்னும் பேங்க்ல சிக்கிக் கிடக்கிற ஒரு 25,000, அப்புறம் தினம் காலைல ஒரு பி.பி. மாத்திரை. முதல் தடவை போறவங்க யாராவது இதைப் படிச்சா நான் செஞ்ச முட்டாள்தனத்தை அவங்க செய்ய வேண்டாம்னுதான் எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. நாக்ங்கிறது 1994ல யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஆரம்பிச்சது, ஆபீஸ் பெங்களூர்ல. 2017ல கொண்டுவந்து, நான் போனப்ப நடைமுறையில இருந்த முறைப்படி ஒரு காலேஜோட மார்க்குல கிட்டத்தட்ட 70 சதவீதம் கம்ப்யூட்டர்ல ஏத்துற புள்ளிவிவரத்துல இருந்தே வந்துடும், அதை டி.வி.வி.ன்னு தனியா சரிபார்ப்பாங்க. மிச்சம் 30 சதவீதம்தான் நேர்ல போற எங்களை மாதிரி ஆளுங்க கையில. ஒவ்வொரு அம்சத்துக்கும் 0ல இருந்து 4 வரைக்கும் போடணும். கேக்க சின்னதாத்தான் இருக்கும். ஆனா மொத்தம் 3.01 வந்தா ஏ கிரேடு, 3.00ல நின்னா பி பிளஸ் பிளஸ். ஏ கிரேடு இருந்தாத்தான் தன்னாட்சிக்கு சுலபமா வழி, அட்மிஷன் போர்டுல பெருசா போட்டுக்கலாம், ஃபீஸையும் கூட்டிக்கலாம். அந்த 0.01 எங்க பேனா முனையில தொங்கிக்கிட்டு இருக்கு, அதைத் தேடித்தான் பணமும் பட்டுப்புடவையும் வருது. இஸ்ரோ தலைவரா இருந்த ராதாகிருஷ்ணன் தலைமையில போட்ட கமிட்டி இந்தக் கிரேடு வரிசையையே எடுத்துட்டு, முதல் கட்டமா அங்கீகாரம் உண்டு இல்லைன்னு சொன்னாப் போதும்னு சிபாரிசு பண்ணினது எனக்கு முதல்ல அதிகப்படியாத் தெரிஞ்சுச்சு. இப்ப அப்படித் தெரியல.

எங்க காலேஜுக்குப் போன தடவை டீம் வந்தப்ப நான்தான் கோஆர்டினேட்டர், அதையும் மறைக்காம சொல்லிடுறேன். ஸ்டாஃப் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு, வந்த மேடத்துக்கு சுங்குடிச் சேலையும், சார் ரெண்டு பேருக்கும் மீனாட்சி அம்மன் படமும் வாங்கினோம். கடைக்குப் போயி நாலு சேலையைப் பிரிச்சுப் பாத்து மாம்பழக் கலர்ல ஒண்ணு எடுத்தது நான்தான். மரியாதைன்னு நெனச்சேன், நிஜமாவே அப்படித்தான் நெனச்சேன். வாங்கிக்கிட்டவங்க அன்னைக்கு ராத்திரி என்ன நெனச்சிருப்பாங்கன்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அதனால அந்த ஊர்க்காரங்களை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு வாயில்ல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். டீம்ல யார் யாருன்னு காலேஜுக்கு விசிட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் தெரியவரும். எனக்கு சனிக்கிழமை மெயில் வந்துச்சு, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கெல்லாம் ஒரு போன். என்கூட எம்.ஃபில். படிச்ச ஒருத்தர், ஏழெட்டு வருஷமாப் பேச்சே இல்ல, திடீர்னு "என்னம்மா நல்லா இருக்கியா, புள்ளைங்க என்ன படிக்குதுங்க"ன்னு ஆரம்பிச்சு கடைசில "அந்த காலேஜ் நம்ம காலேஜ் மாதிரி, பாத்துக்க"ன்னு முடிச்சார். நான் சிரிச்சு மழுப்பிட்டு வச்சுட்டேன். அதுதான் முதல் தப்பு. அப்படி ஒரு போன் வந்தா சிரிக்காதீங்க. "இதைப் பத்தி என்கிட்ட பேசக்கூடாது, போன் வந்ததை நான் எழுதி அனுப்பியாகணும்"னு சொல்லிட்டு, அன்னைக்கே யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னாங்கன்னு நாலு வரி மெயில் போட்டுடுங்க. நட்பு போகும்தான். ஏழு வருஷமா இல்லாத நட்பு போனா என்ன.

ரெண்டாவது தப்பும் போறதுக்கு முன்னாடியே நடந்துச்சு. அந்த காலேஜுக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லைன்னு உறுதிமொழி குடுக்கணும், நானும் குடுத்தேன். சொந்தக்காரங்க யாரும் இல்ல, அங்க வேலை பாக்கல, கெஸ்ட் லெக்சர் போகல, அவ்வளவுதான் யோசிச்சேன். அங்க போயி ரெண்டாம் நாள் காபி குடிக்கிறப்பதான் தெரியுது, அவங்க ஐ.க்யூ.ஏ.சி. கோஆர்டினேட்டர் என்னோட பிஎச்.டி. கைடுகிட்டயே படிச்சவர், எனக்கு அஞ்சு வருஷம் சீனியர். கைடு பேரைச் சொன்னதும் ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கிடுச்சு, அவர் தவறிப்போயி மூணு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த மனுஷன் எழுதின அறிக்கையைக் குறை சொல்ல எனக்கு எப்படி மனசு வரும் சொல்லுங்க. போறதுக்கு முன்னாடி அந்த காலேஜ் ஸ்டாஃப் லிஸ்ட்டை வெப்சைட்ல ஒரு தடவை முழுசாப் படிச்சிருந்தா, கைடு யாரு, எந்த யுனிவர்சிட்டின்னு அரை மணி நேரம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அங்க போன பிறகு தெரிஞ்சாலும் ஒண்ணும் குடி முழுகிடாது, அந்த நிமிஷமே டீம் சேர்மன்கிட்ட சொல்லிட்டு, "அந்தப் பகுதிக்கு நான் மார்க் போடல"ன்னு எழுதிக் குடுத்துடலாம். நான் ரெண்டாவது காபியை வாங்கிக் குடிச்சேன்.

விதி என்ன சொல்லுதுன்னா, எங்க போக்குவரத்து, தங்குறது, படி, சம்பாவனை எல்லாம் நாக் நேரடியாப் பாத்துக்கும், காலேஜுக்கும் டீமுக்கும் நடுவுல காசு விஷயமே இருக்கக் கூடாது. மேனுவல்லயே தெளிவா எழுதியிருக்கு. ஆனா காசு இல்லாம செய்யுறதுக்கு எத்தனை வழி இருக்குன்னு அங்க போயித்தான் பாத்தேன். ரூமுக்குள்ள நுழைஞ்சதும் ஒரு கூடை பழம், பக்கத்துல மல்லிகைப் பூ ரெண்டு முழம், ஈரத் துணி சுத்தி வச்சிருந்தாங்க. மறுநாள் காலைல டிபனுக்கு இடியாப்பமும் தேங்காப்பாலும். அந்த ஊர்ல அது கிடையாது, நான் தமிழ்க்காரின்னு தெரிஞ்சு யாரோ வீட்ல செஞ்சு கொண்டு வந்திருக்காங்க. "மேடம், உங்களுக்காக எங்கம்மா செஞ்சது"ன்னு ஒரு சின்னப் பொண்ணு, அசிஸ்டென்ட் புரொபசர், வாசல்லயே நிக்குது. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? நல்லா இருந்துச்சுன்னு ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் பக்கத்துல பெரிய கோயில், ஸ்பெஷல் தரிசனத்துக்கு ஏற்பாடு பண்ணியிருக்கோம்னாங்க, அதுக்கும் போனேன். க்யூல நிக்குற சனம் எல்லாம் எங்களையே பாக்குது, பிரின்சிபால் முன்னாடி போயி வழி விலக்கிக்கிட்டே போறார். சாமி கும்புடவே ஓடல.

லஞ்சம்னா கவர்ல பணம்னு மட்டும் நெனச்சுக்கிட்டு போனேன், இப்படி இடியாப்ப ரூபத்துல வரும்னு தெரியாது. அதோட வேலை என்னன்னு அன்னைக்கு மத்தியானமே லைப்ரரில தெரிஞ்சுபோச்சு. லைப்ரரிக்கு தினம் எத்தனை பேர் வர்றாங்கன்னு ஒரு வருகைப் பதிவேடு இருக்கும். அஞ்சு வருஷத்து நோட்டையும் மேஜைல அடுக்கி வச்சிருந்தாங்க. சும்மா நடுவுல ஒண்ணை எடுத்துப் பிரிச்சேன், 2021 மே மாசம். கொரோனா ரெண்டாவது அலை, காலேஜெல்லாம் பூட்டிக் கிடந்த மாசம். அதுல தினம் ஐம்பது அறுபது பசங்க வந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க, எல்லாம் ஒரே நீலக் கலர் ஜெல் பேனா, எல்லாக் கையெழுத்தும் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது. நான் அந்தப் பக்கத்துலயே விரலை வச்சுக்கிட்டு லைப்ரரியன் பொண்ணை நிமிர்ந்து பாத்தேன். முப்பது வயசுகூட இருக்காது. முகம் வெளுத்துப்போயி, அதுக்குத் தெரிஞ்ச அரைகுறைத் தமிழ்ல மெதுவா, "எழுதச் சொன்னாங்க மேடம், நான் கான்ட்ராக்ட்"னுச்சு. நோட்டை மூடிட்டேன். என் சீட்டுல அதுக்கு 1 போட வேண்டிய இடத்துல 3 போட்டேன்.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்லிடணும். அந்தப் பொண்ணு மேல பரிதாபம்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன், ஆனா நான் போட்ட 3 அந்தப் பொண்ணுக்குப் போகல, எழுதச் சொன்னவருக்குப் போச்சு. அந்த மார்க்கைப் பாத்து ஃபீஸ் கட்டிச் சேரப்போற பசங்க தலையில போயி விழுந்துச்சு. பரிதாபமா இருந்தா அந்தப் பொண்ணு பேரை எழுதாம, பதிவேடு நம்பும்படியா இல்லைன்னு மட்டும் எழுதியிருக்கலாம். அப்புறம், மார்க்கை அந்தந்த இடத்துலயே, பாத்த உடனே, என்ன ஆதாரம் பாத்தோம்னு பக்கத்துல ஒரு வரியோட எழுதிடணும். ராத்திரி மூணு பேரும் சேந்து உக்காந்து பேசுறப்பப் போடலாம்னு விட்டா சேர்மன் "3 போடலாமா 4 போடலாமா"ன்னுதான் ஆரம்பிப்பார், 1ங்கிற பேச்சே வராது. எங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சு. அவர் வயசுல பெரியவர், வைஸ் சான்சலரா இருந்து ரிட்டயர் ஆனவர், நான் முதல் தடவை வந்தவ, எதிர்த்து ஒரு வார்த்தை வரல. கைல எழுதின சீட்டு இருந்திருந்தா அதைக் காட்டியாவது பேசியிருப்பேன்.

எக்ஸிட் மீட்டிங் முடிஞ்சு அறிக்கைல எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மறுநாள் வியாழக்கிழமை கிளம்பினேன். என் பெட்டியை லயசன் ஆபீசர் பையன்தான் எடுத்துட்டுப் போயி கார் டிக்கில வச்சான். ஏர்போர்ட்ல இறக்குறப்ப என் பெட்டியோட ஒரு கட்டைப்பையும் வந்துச்சு. "உங்களுதுதான் மேடம், பிரசாதம்"னான். கோயிலுக்குப் போயிருந்தோமே, நம்பிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு மதுரைல வீட்ல வந்து பிரிச்சா, மேல லட்டுப் பொட்டலம், அதுக்குக் கீழ ஒரு பட்டுப்புடவை, ஒரு சின்ன வெள்ளி விளக்கு. புடவை மடிப்பை உதறினதும் கவர் விழுந்துச்சு. ஐநூறு ரூபாய் நோட்டு, எண்ணினேன், ஐம்பது இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம், "எதுக்கு நீ எண்ணினே?"ன்னு மட்டும் கேட்டார்.

அவர் கேட்டது எவ்வளவு சரின்னு ஆறு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுச்சு. பெட்டியை அடுத்தவங்க கையில குடுக்காதீங்க. ரூமை விட்டுக் கிளம்புறப்ப நம்ம லக்கேஜை ஒரு போட்டோ எடுத்துக்குங்க, ஏர்போர்ட்ல இறங்குறப்ப எண்ணிக்கை சரியான்னு பாருங்க, கூட ஒண்ணு இருந்தா அங்கேயே, காரை விடுறதுக்கு முன்னாடியே, டிக்கில திரும்ப வச்சுட்டு அதையும் போட்டோ எடுத்துக்குங்க. வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுதுன்னா கவரைப் பிரிக்காதீங்க, எண்ணாதீங்க, வீடியோ எடுங்க, அந்த ராத்திரியே நாக் ஆபீசுக்கு மெயில் அடிங்க. தூங்கி எழுந்து பாத்துக்கலாம்னு விடாதீங்க. மெயில்ல தேதியும் மணியும் தானா விழும், பின்னாடி நம்ம பக்கம் பேசுறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கும்.

நான் என்ன செஞ்சேன்? சேர்மனுக்குப் போன் போட்டேன். அவர் ரொம்ப சாந்தமா, அது அந்த ஊர் வழக்கம், பெருசு பண்ணாதீங்க, பண்ணினா மூணு பேர் பேரும் சேந்து கெடும், வேண்டாம்னா சத்தம் போடாம திருப்பி அனுப்பிடுங்கன்னார். அவருக்கும் பை வந்துச்சான்னு நான் கேக்கல, அவரும் சொல்லல. வெள்ளிக்கிழமை காலைல பேங்குக்கு ஓடினேன். அதை விட்டா நாலாவது சனி, ஞாயிறு, திங்கள் கிருஷ்ண ஜெயந்தின்னு மூணு நாள் லீவு, அதுவரைக்கும் அந்தப் பணத்தை வீட்ல வச்சுக்கிட்டு இருக்க முடியாதுன்னு ஒரு பதட்டம். டி.டி. எடுக்கணும்னேன். கவுன்டர்ல இருந்த தம்பி, "அக்கவுன்ட்ல கட்டிட்டு அதுல இருந்து எடுத்துடுங்க மேடம், ஈசி"ன்னுச்சு. சரின்னு கட்டினேன். காமர்ஸ் வாத்தியாரம்மா, ஆடிட்டிங் பேப்பர் எடுக்கிறவ, யோசிக்காம கட்டிட்டேன். டி.டி.யை பிரின்சிபால் பேருக்கு எடுத்து, "தவறுதலாக என்னிடம் வந்துவிட்டது"ன்னு ஒரு லெட்டரோட ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன், அக்நாலட்ஜ்மென்ட் கார்டு வச்சு. புடவையையும் விளக்கையும் தனி பார்சல். கார்டு பத்து நாள்ல காலேஜ் சீலோட திரும்பி வந்துச்சு. பார்சல், "வாங்க மறுத்துவிட்டார்"னு எழுதி பார்சலாவே திரும்பி வந்துச்சு. டி.டி.யை அவங்க மாத்தவே இல்ல, திருப்பியும் அனுப்பல. டி.டி.க்கு மூணு மாசம்தான் ஆயுசு. கேன்சல் பண்ண ஒரிஜினல் வேணும், அது அவங்ககிட்ட, இல்லைன்னா பாண்டு எழுதிக் குடுக்கணும்னு பேங்க்ல சொன்னாங்க. எழுதிக் குடுத்தா அந்தப் பணம் என் அக்கவுன்டுக்கு வந்துடும். யோசிச்சுப் பாருங்க, அது என்னோட பணமா? அப்படியே விட்டுட்டேன்.

நாக்குக்கு மட்டும் எழுதல. திருப்பிக் குடுத்தாச்சு, இனி என்னன்னு நெனச்சேன். நடுவுல அந்த காலேஜ்ல இருந்து பட்டமளிப்பு விழாவுக்கு சீஃப் கெஸ்ட்டா வர முடியுமான்னு ஒரு போன் வேற. நல்லவேளை, அதுக்குப் போகல. விசிட் முடிஞ்ச இடத்துக்கு கெஸ்ட் லெக்சர், வைவா, கன்சல்டன்சின்னு எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் ரெண்டு மூணு வருஷத்துக்காவது அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க, பாக்கி வைச்சதை அப்படித்தான் தீர்ப்பாங்க.

2025 பிப்ரவரி 1ஆம் தேதி, பட்ஜெட் போட்ட அதே நாள், ஆந்திராவுல குண்டூர் மாவட்டத்துல ஒரு தனியார் பல்கலைக்கழக விசிட் சம்பந்தமா சி.பி.ஐ. பத்துப் பேரைக் கைது பண்ணினதா செய்தி வந்துச்சு. டீம் சேர்மன், மெம்பருங்க, அந்த நிறுவனத்து ஆளுங்க எல்லாம் அதுல. 37 லட்சம் ரொக்கம், லேப்டாப், போன் எல்லாம் பறிமுதல். கேஸ் கோர்ட்ல என்ன ஆகும்னு கோர்ட்டுதான் சொல்லணும். இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 2023 மார்ச்ல, நாக் செயற்குழுத் தலைவரா இருந்த பூஷண் பட்வர்தன் முறைகேடு பத்தி விசாரிக்கணும்னு எழுதிட்டுப் பதவியை விட்டுப் போனார், அப்ப அதை நாங்க ஸ்டாஃப் ரூம்ல பெருசாப் பேசினதாக்கூட ஞாபகம் இல்ல. இந்தத் தடவை அப்படி இல்ல. திங்கக்கிழமை பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லையாமேன்னு பேசிக்கிட்டு இருந்தவங்க, பேச்சு இதுக்குத் திரும்பினதும் ஒருத்தர் ஒருத்தரா என்னைப் பாத்துட்டு டிபன் பாக்ஸைப் பாத்தாங்க. மூணு வாரத்துல மொட்டைக் கடுதாசி வந்துடுச்சு. எங்க காலேஜ் செயலருக்கு ஒண்ணு, பிரின்சிபாலுக்கு ஒண்ணு. நான் விசிட் போயி லட்சக்கணக்குல வாங்கினேனாம், அந்தக் காசுலதான் மாடி கட்டினேனாம். மாடி கட்டினது கோ-ஆப்பரேடிவ் சொசைட்டி லோன்ல, மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிறாங்க, சம்பளச் சீட்டைப் பாத்தாலே தெரியும்.

அப்ப என் புரொபசர் புரொமோஷன் ஃபைல் போகத் தயாரா இருந்துச்சு. செயலர் ஐயா நல்லவர்தான், "அம்மா, இது முடியுற வரைக்கும் அனுப்ப முடியாது, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னுட்டார். விளக்கம் கேட்டாங்க, எழுதிக் குடுத்தேன். ரிட்டயர்ட் பிரின்சிபால் ஒருத்தரை விசாரிக்கப் போட்டாங்க. பாஸ்புக் கேட்டார். குடுத்தேன். அவர் பேனா முனையால வரிசையா இறக்கிக்கிட்டே வந்து ஒரு இடத்துல நின்னார். 23-08-2024, ரொக்கம் வரவு, 25,000. விசிட் முடிஞ்சு ரெண்டாம் நாள். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு, "நீங்க காமர்ஸ் இல்லம்மா?"ன்னு கேட்டார். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுத அழுகை எங்கப்பா செத்தப்பகூட அழுததில்ல.

வக்கீல்கிட்ட போனது அதுக்கப்புறம்தான். அவர் சொன்னதை முன்னாடியே தெரிஞ்சு வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அரசு உதவி வாங்குற கல்வி நிறுவனத்துல வேலை பாக்குறவங்களும் 1988ஆம் வருஷத்து ஊழல் தடுப்புச் சட்டப்படி பொது ஊழியர்தான். நான் என்னமோ அது தாசில்தாருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். 2018 திருத்தத்துக்கப்புறம் குடுக்குறவங்க மேலயும் குத்தம் உண்டு. கட்டாயப்படுத்தினதால குடுத்தோம்னு தப்பிக்கணும்னா ஏழு நாளைக்குள்ள போலீஸ்லயோ விசாரணை அமைப்புலயோ சொல்லியிருக்கணும். ஐ.க்யூ.ஏ.சி. கோஆர்டினேட்டருங்க இந்த வரியை நல்லாப் படிச்சுக்குங்க, மேனேஜ்மென்ட் சொல்லுச்சுன்னு கவரை எடுத்துட்டுப் போற ஆளும் மாட்டுவீங்க. வக்கீல் என்கிட்ட இருந்த காகிதத்தை எல்லாம் பரப்பி வச்சுப் பாத்துட்டு, டி.டி. கவுன்டர்ஃபாயிலும் அந்த மஞ்சள் அக்நாலட்ஜ்மென்ட் கார்டும் இல்லேன்னா உங்களை யாரும் காப்பாத்த முடியாதும்மான்னார். இப்ப ரிஜிஸ்டர் தபாலையே ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, எதுல அனுப்பினாலும் டெலிவரி ஆனதுக்கு சாட்சி வாங்கி வச்சுக்குங்க. "நீங்க ஏன் நாக்குக்கு எழுதல?"ன்னு அவரும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. பயந்துக்கிட்டுத்தான். சேர்மனை மாட்டிவிட்ட மாதிரி ஆயிடுமோ, அடுத்த விசிட் கூப்பிட மாட்டாங்களோன்னு. அடுத்த விசிட்டு ஆசையும் இருந்துச்சு, அதை மறைச்சு என்ன ஆகப்போகுது.

2025 ஏப்ரல்ல எல்லாத்தையும் நானே நாக்குக்கு எழுதினேன். போன் வந்தது, கைடு விஷயம், கோயில், பை, டி.டி., பார்சல், அந்த லைப்ரரிப் பதிவேடு, நான் போட்ட 3, ஒண்ணு விடாம. எட்டு மாசம் லேட்டு. எங்க காலேஜ் விசாரணை இழுத்து இழுத்து, பணம் நான் வச்சுக்கலைன்னு முடிவாகி, ஆனா உரிய நேரத்துல தெரியப்படுத்தல, அது தவறுன்னு ஒரு வரியும் சேத்து 2026 ஜனவரில முடிஞ்சுச்சு. அந்த வரி நியாயமான வரி, நான் ஆட்சேபிக்கல. புரொமோஷன் ஃபைல் போயிருக்கு. நடுவுல நாக்கும் காலேஜ் விசிட்டை எல்லாம் ஆன்லைன்ல நடத்தப்போறதா அறிவிச்சாங்க. டிக்கில பை வராதுதான், ஞாயித்துக்கிழமை பத்து மணி போன் வராதுன்னு யார் சொன்னது. கேமரால பதிவேட்டைக் காட்டுறப்ப நடுப்பக்கத்தைப் பிரிக்கச் சொல்லணும், எந்த மாசம்னு நாம சொல்லணும், அவங்க பிரிச்சுக் காட்டுற பக்கத்தைப் பாக்கக் கூடாது.

போகிக்குப் பரணை ஒதுங்க வைக்கிறப்ப எம்பொண்ணு அந்தப் பார்சலைக் கீழ இறக்கிட்டா. துணி சுத்தித் தெச்சது அப்படியே இருக்கு, "வாங்க மறுத்துவிட்டார்"ங்கிற எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கு. "என்னம்மா இது, பட்டு மாதிரி இருக்கு, பிரிக்கவா?"ன்னு கத்திரிக்கோலோட உக்காந்துட்டா. பிடுங்கி, அதுமேல மார்க்கர்ல தேதியை எழுதி, நாப்தலின் உருண்டை ரெண்டு போட்டு, திரும்பப் பரண்ல ஏத்தச் சொன்னேன்.